கடற்கரை விடுமுறை: ஊருக்கு முன் கடலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடற்கரை ஊருக்கு விடுமுறை போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஊரின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிறகு தங்குமிடம், பிறகு பயணச்சீட்டு, எல்லாம் முடிந்த பின்பே கடலைப் பற்றிய நினைப்பு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் விடுமுறை நன்றாக அமையும் என்பது என் உறுதியான கருத்து. எந்த மாதம் போகிறோம், அந்த மாதத்தில் எந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும், அந்தக் கரையின் சரிவு நம்முடன் வரும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்றதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகு ஊரையும் விடுதியையும் தேடத் தொடங்குங்கள். விளம்பரப் படங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அவை ஆண்டின் மிக நல்ல நாளில், வெளிச்சம் மிக நன்றாக இருந்த வேளையில் எடுக்கப்பட்டவை. நீரின் குளிர்ச்சியோ இழுவையோ எந்தப் படத்திலும் தெரியாது.

முதலில் மாதம்

ஒரே தீவின் இரு கரைகள் ஒரே வாரத்தில் இரு வேறு கடல்களாக நடந்துகொள்ளும் என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஹிக்கடுவை, மிரிஸ்ஸ போன்ற கரைகளில் அலை உயர்ந்து கடல் கலங்கியிருக்கும். அதே மாதங்களில் கிழக்கே நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் அமைதியாகக் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நிலைமை பெரும்பாலும் இதற்கு எதிர். தாய்லாந்திலும் இதே கதைதான். அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை அலையும் இழுவையும் மிகுதி. தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய் தீவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. ஆகவே ஒரு நாட்டுக்குப் போக ஏற்ற காலம் எது என்று கேட்பதைவிட, அந்தக் கரைக்கு ஏற்ற காலம் எது என்று கேட்பதே பயன் தரும்.

நீரின் வெப்பநிலை இன்னொரு கணக்கு. நிலம் விரைவில் சூடாகி விரைவில் ஆறும். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் மிக நீண்ட பகல் ஜூன் மாதத்தில் வந்தாலும், கடல்நீர் தன் உச்ச வெப்பத்தை எட்டுவது ஆகஸ்ட், செப்டம்பரில்தான். மத்தியதரைக் கடற்கரைகளுக்குப் போக விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் மாதம் செப்டம்பர். வெயிலின் கடுமை தணிந்திருக்கும், பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் குறைந்திருக்கும், நீரோ ஜூன் மாதத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும்.

வரைபடத்தில் ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு கரைகளின் நீர் ஒரே அளவு வெப்பமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. போர்ச்சுகலின் அட்லாண்டிக் கரையில் கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து விலக்கிவிடுவதால், ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து அந்த இடத்தை நிரப்புகிறது. வெயில் சுட்டெரிக்கும் நாளில்கூட அங்கே காலை நனைப்பவர்கள் திடுக்கிட்டுப் பின்வாங்குவது இதனால்தான். ஏறத்தாழ அதே அட்சரேகையில் உள்ள ஸ்பெயினின் கிழக்குக் கரையில் நீர் இதமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இந்த வேறுபாட்டை ஒரே நகருக்குள் காணலாம். அட்லாண்டிக் பக்கத்துக் கிளிப்டன் கரையில் கோடையிலும் நீர் நடுக்கும். மலைக்கு மறுபுறம் ஃபால்ஸ் விரிகுடாவில் உள்ள மியூசன்பெர்க் கரையில் கோடைக்கால நீர் அதைவிடக் கணிசமாக வெதுவெதுப்பானது. குழந்தைகளோடு நீரில் இறங்கப் போகிறவருக்கும் மணலில் அமர்ந்து அந்தி வெயிலைப் பார்க்கப் போகிறவருக்கும் அந்த நகரில் போக வேண்டிய கரை வேறு வேறு.

15 பாகை செல்சியஸுக்குக் கீழான நீரில் திடீரென்று குதித்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தண்ணீரை விழுங்கித் தத்தளிப்பார். குளிர்ந்த கடலில் மெல்ல இறங்குங்கள். தவறி விழுந்துவிட்டால் மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை வேறு எதுவும் செய்யாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அது சீராகிவிடும்.

கரையின் வடிவம்

போர்ச்சுகலில் உள்ள நாசரே என்ற ஊரை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. முனைக்கு வடக்கே உள்ள கரையில் 2020 அக்டோபர் 29 அன்று ஜெர்மானிய அலைச்சறுக்கு வீரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கி உலக சாதனை படைத்தார். கடலடியில் அந்த ஊரை நோக்கி நீளும் பெரும் பள்ளத்தாக்குதான் அலைகளை அப்படித் திரட்டித் தருகிறது. முனைக்குத் தெற்கே, ஊரின் முன்னால் விரிந்திருக்கும் கரை அதைவிட எவ்வளவோ அமைதியானது. கோடையில் குடும்பங்கள் குடை விரித்து அமர்வது அங்கேதான். ஊரின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு எந்தப் பக்கத்தில் அறை கிடைக்கும் என்பது வெறும் அதிர்ஷ்டம்.

எந்த ஊராக இருந்தாலும் செயற்கைக்கோள் படத்தில் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரை உள்வாங்கி வளைந்திருக்கிறதா, நேராகத் திறந்து கிடக்கிறதா, எதிரே பவளப்பாறையோ தீவோ தடுப்பாக நிற்கிறதா, அருகில் ஆற்றின் முகத்துவாரம் உண்டா என்பவை அதில் தெரிந்துவிடும். வளைந்த குடாக்களில் அலை தணியும். பவளத்திட்டின் உட்புறம் குளம்போல் இருந்தாலும், திட்டில் உள்ள இடைவெளிகளின் வழியே நீர் வேகமாக வெளியேறும். அந்த வாய்களுக்கு அருகே போகக் கூடாது. முகத்துவாரத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் மோதும் இடம் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் குளிப்பதற்கு உரியதல்ல.

மணலையும் கவனிக்க வேண்டும். பரல் பெருத்த மணலும் கூழாங்கல்லும் உள்ள கரைகள் செங்குத்தாகச் சரிந்திருக்கும். மாவுபோன்ற நுண்மணல் கரைகள் தட்டையாக நீண்டிருக்கும். தட்டையான கரையில் அலைகள் தொலைவிலேயே உடைந்து, வரிசை வரிசையாக நுரைத்து, கரைக்கு வரும்போது வலுவிழந்துவிடுகின்றன. சரிவான கரையில் அலை விளிம்பு வரை முழு உருவத்தோடு வந்து, முழங்கால் நீரில் நிற்பவர் மேல் மொத்தமாக விழுகிறது. ஹவாயின் ஓஹு தீவில் உள்ள சாண்டி பீச் இத்தகைய அலைகளால் நேரும் கழுத்து, முதுகெலும்புக் காயங்களுக்குப் பெயர்பெற்றது. அலை விளிம்பிலேயே அறைந்து விழுவதைக் கண்டால் அன்று கரையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிரைட்டனிலும் பிரான்சின் நீஸிலும் கரை முழுதும் கூழாங்கற்கள்தான். மணல்வீடு கட்டும் ஆசையோடு வரும் குழந்தைக்கு அவை ஏமாற்றம் தரும். நீரில் நனையக்கூடிய கெட்டியான காலணி இல்லாமல் அங்கே இறங்குவது கடினம்.

ஏற்றமும் வற்றமும்

கடல் பெரும்பாலான இடங்களில் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று காலை 9 மணிக்கு உச்சத்தைத் தொட்ட கடல் நாளை சுமார் 9.50 மணிக்குத் தொடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் இருக்கும். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆகும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பல ஆபத்துகளைத் தவிர்த்துவிடலாம். செங்குத்துப் பாறைகளின் அடியில் உள்ள சிறு குடாக்களுக்கு வற்றத்தின்போது நடந்தே போய்விடுகிறவர்கள், முதல் இரண்டு மணி நேரம் நீர் மெதுவாக ஏறுவதைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று எண்ணி உட்கார்ந்திருந்து, திரும்பும் வழி அடைபட்ட பிறகே எழுகிறார்கள்.

மத்தியதரைக் கடலின் பெரும்பாலான இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு அரை மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அங்கே இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் அது 9 மீட்டரைத் தாண்டும். பிரான்சின் மோன் சான் மிஷேல் தீவைச் சுற்றி ஏறத்தாழ 14 மீட்டர் வரை போகும். வற்றத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணல்வெளியாகத் தெரியும் அந்த இடத்தை வழிகாட்டி இல்லாமல் கடக்கக் கூடாது. பெரிய வேறுபாடு உள்ள ஊர்களுக்குப் போவதாக இருந்தால், அறையை முன்பதிவு செய்யும்போதே அந்த வாரத்தின் ஏற்ற, வற்ற நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். சில கரைகளில் ஏற்றத்தின்போது மணலே இராது. நடுப்பகல் முழுதும் கடல் சுவரைத் தொட்டு நிற்கும் வாரமாக அது அமைந்துவிட்டால் விடுமுறையின் பாதி வீண்.

இழுவை நீரோட்டத்தை அறிவது

கடற்கரைகளில் உயிர்களைப் பறிப்பதில் இதற்கே முதலிடம். அமெரிக்க அலைக்கரைகளில் உயிர்காப்பாளர்கள் செய்யும் மீட்புகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இதனால் நேர்பவைதாம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் எப்படியாவது திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே தாழ்வான பள்ளம் கிடைத்தால், மடை திறந்த வாய்க்கால்போல் அதன் வழியே கடலை நோக்கி ஓடுகிறது. அதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்து நீந்தி முன்னேற முடியாது.

துயரம் என்னவென்றால், பழகாத கண்ணுக்கு அந்த இடம்தான் பாதுகாப்பானதாகத் தெரிகிறது. இருபுறமும் வெள்ளையாக அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகக் கிடக்கும். அலை அடிக்காத இடமாயிற்றே என்று பெற்றோர் குழந்தைகளை அங்கே இறக்குகிறார்கள். அலை அங்கே உடையாததற்குக் காரணம் அடியில் பள்ளம் இருப்பதே. ஆகவே புதிய கரைக்குப் போனால் துணி மாற்றுவதற்கு முன், சற்று மேடான இடத்தில் பத்து நிமிடம் நின்று நீரைப் பாருங்கள். நுரையோ கடற்பாசியோ கலங்கிய மணலோ ஒரு கோடாகக் கடலை நோக்கி நகர்கிறதா? அலை வரிசையில் எந்த இடத்திலாவது தொடர்ந்து இடைவெளி விழுகிறதா? அலைத்தடுப்புச் சுவர், தூண்பாலம், பாறை முனை ஆகியவற்றை ஒட்டி நீர் வெளியே போகிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பகுதியை விட்டு நன்றாகத் தள்ளி இறங்குங்கள்.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தப் போராடக் கூடாது. இழுவை யாரையும் அடியில் அமுக்குவதில்லை. வெளியேதான் கொண்டுபோகும், அலைகள் உடையும் இடத்தைக் கடந்ததும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். உயிர் போவது களைப்பினாலும் பதற்றத்தினாலும். மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேளுங்கள். உடலில் வலு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலைகள் உடையும் இடத்துக்கு வந்து, அவற்றோடு சேர்ந்து திரும்புங்கள். கரையில் நிற்பவர் வெறுங்கையோடு குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கிய நிகழ்வுகள் எல்லா நாடுகளிலும் உண்டு. மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு, கண்ணை அவரிடமிருந்து எடுக்காமல், உயிர்காப்பாளரை அழையுங்கள்.

கொடிகளும் நீரின் தூய்மையும்

மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக உள்ள இரண்டு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியைத்தான் உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள் என்பது பல நாடுகளில் பொதுவான அடையாளம். முழுச் சிவப்புக் கொடி ஆபத்தைக் குறிக்கும்; அது பறந்தால் நீரில் இறங்க வேண்டாம். மற்ற வண்ணங்களின் பொருள் இடத்துக்கு இடம் மாறுவதால், கரையின் நுழைவாயிலில் உள்ள பலகையைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது. சிட்னியின் போண்டை கடற்கரையில் 1938 பிப்ரவரி 6 அன்று அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் சுமார் 250 பேரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றன; ஐந்து பேர் இறந்தனர். மற்ற அனைவரும் மீட்கப்பட்டதற்குக் காரணம், பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் பலர் அப்போது கரையிலேயே இருந்ததுதான். இரண்டு கரைகளில் எது என்ற தயக்கம் வந்தால், உயிர்காப்பாளர் இருக்கும் கரையையே தேர்ந்தெடுங்கள், அது சற்று அழகு குறைந்ததாக இருந்தாலும்.

நீலக்கொடி என்பது வேறு. 1985-இல் பிரான்சில் தொடங்கி இன்று பல கண்டங்களுக்குப் பரவியிருக்கும் இந்தச் சான்று, நீரின் தரம், தூய்மை, வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றைச் சோதித்து ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வழங்கப்படுகிறது. பழைய ஆண்டின் கொடியை நம்பாமல் நடப்பு ஆண்டின் பட்டியலில் பாருங்கள். அந்தக் கொடி இன்றைய அலையைப் பற்றியோ இழுவையைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நகரத்தை ஒட்டிய கரைகளில், பெருமழைக்குப் பிறகு வடிகால்கள் கொண்டுவரும் கழிவு கடல்நீரில் கலந்திருக்கும். குறைந்தது ஒரு நாள், முகத்துவாரமும் வடிகாலும் அருகில் இருந்தால் மூன்று நாள் வரை, நீரில் இறங்காமல் இருப்பது வயிற்றுக்கும் காதுக்கும் நல்லது.

ஊரும் கூட்டமும்

விடுமுறைக்காகவே கட்டப்பட்ட இடங்களைவிட, ஆண்டு முழுதும் மக்கள் வாழும் ஊர்களையே நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். மருத்துவமனை, பேருந்து, கடைவீதி ஆகியவை அங்கே பருவம் முடிந்த பின்பும் இயங்கும். மழை பெய்யும் நாளில் போய்ப் பார்க்க வேறு ஏதாவது இருக்கும். விடுதியிலிருந்து கரைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துபோக முடிந்தால் அதற்குமேல் நெருக்கம் தேவையில்லை. கடலைப் பார்த்த அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இன்னொரு நாள் தங்கச் செலவிடலாம்.

பெருநகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கரைகளில் வார இறுதி நெரிசல் தவிர்க்க முடியாதது. 1841-இல் இலண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே இருப்புப்பாதை வந்த நாளிலிருந்து அந்த ஊரின் கரை ஞாயிறுகளில் நிரம்பி வழிகிறது. இத்தகைய ஊர்களுக்குச் செவ்வாய் முதல் வியாழன் வரை போங்கள். கூட்டத்தின் சுமை தாங்காமல் மூடப்பட்ட கரைகளும் உண்டு. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு 2018-இல் ஆறு மாதம் மூடப்பட்டது. தாய்லாந்தின் மாயா விரிகுடா அதே ஆண்டு ஜூன் மாதம் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் கடும் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டது. புகழ்பெற்ற கரை எதுவானாலும், அது அந்த மாதத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.

குழந்தைகளோடு போகும்போது

காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அவை நீச்சல்குளத்துக்கானவை. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் கரையோரம் கண்ணாடிபோல் தெரியும். அன்றுதான் மிதவையில் படுத்திருக்கும் குழந்தை சில நிமிடங்களில் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடும். கரையிலுள்ள கொடி கடலின் பக்கமாகப் பறந்தால் அந்தக் காற்றுதான் என்று அறிந்துகொள்ளுங்கள். மணலில் குழந்தையின் முழங்காலைவிட ஆழமாகக் குழி தோண்ட விட வேண்டாம். உலர்ந்த மணலின் சுவர் முன்னறிவிப்பு இல்லாமல் சரியும்; புதைந்தவரைக் கையால் தோண்டி எடுப்பதற்குள் மேலும் மணல் சரிந்துகொண்டே இருக்கும். காலை வேளையில் காற்றும் வெயிலும் தணிந்திருப்பதால் நீர் விளையாட்டை அப்போதே முடித்துவிட்டு, நடுப்பகலை நிழலில் கழிப்பதே நல்ல ஒழுங்கு. மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் தோலைச் சுடும். அதன் அளவெண் 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

ஜெல்லி மீன்கள் பருவத்தைப் பொறுத்தவை. ஆஸ்திரேலியாவின் வடகுயின்ஸ்லாந்துக் கரையில் ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை உயிருக்கே ஆபத்தான வகைகள் வருவதால், வலையிட்ட பகுதிகளில்தான் குளிக்கிறார்கள். கொட்டினால் செய்ய வேண்டிய முதலுதவி வகைக்கு வகை மாறும். ஒன்றுக்கு வினிகர், இன்னொன்றுக்குச் சூடான நீர். அந்தக் கரையில் எது வழக்கம் என்று உயிர்காப்பாளரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதியில் சாமான்களை வைத்த பிறகு, மேடான இடத்துக்குப் போகும் வழி எது என்று குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று புக்கெட்டின் மாய் காவ் கரையில், கடல்நீர் நுரைத்துக் குமிழியிடுவதைக் கண்ட டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, சில வாரங்களுக்கு முன் பள்ளியில் ஆழிப்பேரலை (சுனாமி) பற்றிப் படித்ததை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்ததால் அந்தக் கரையில் இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, கடலிலிருந்து பெரும் இரைச்சல் கேட்டாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல், பொருள்களை எடுக்கத் திரும்பாமல், அந்த வழியே மேட்டுக்குப் போங்கள். முதல் அலை வடிந்துவிட்டது என்று இறங்கி வராமல், அதிகாரிகள் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.